தேரூர்க் குளத்தில் அடைகாத்த சேவல்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. கருங்கல் சந்தை முக்கில் பதினொரு பேர் மூட்டை முடிச்சுகளுடன் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். எங்கள் மிஷன் பெண்பள்ளியின் ஆசிரியைகள் எட்டுப் பேர், தலைமையாசிரியை அன்னம்மாள், சபை உபதேசியார், அவர் மனைவி. கர்க்கடக மாதத்து மழைக்காலமாகையால் குடையில்லாதவர் எவருமில்லை. தலைமையாசிரியை மட்டும் குடையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, மெழுகுதுணியில் சுற்றிய ஒரு பெரிய புத்தகத்தைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். அது பள்ளியின் பார்வையாளர் புத்தகம். அதிலிருக்கும் மூன்று வரிகளுக்காகத்தான் இந்தப் பயணமே.

அந்த வரிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தையலும் சித்திரமும் சொல்லிக்கொடுப்பவள், பெயர் எஸ்தர். போன வருடம் ஆறடி நீளத் துணி ஒன்றில் நம் நாட்டுப் பறவைகள் இருபத்திரண்டை நூலால் பின்னிப் பள்ளிச் சுவரில் மாட்டினேன். அதற்கு ஏழு மாதம் பிடித்தது. எங்கள் பக்கத்தில் மேசைவிரிப்புக்கு ரோஜாப்பூ பின்னாத பெண் இல்லை. ஆனால் முக்குளிப்பானைப் பின்னியவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

துணியின் நடுவில் நீளவால் தாமரைக்கோழி. தேரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது குளத்தில் நான் கண்ணால் பார்த்த பறவை. உடம்பைவிட நீளமாக அரிவாள் போல் வளைந்த வால். கூடு என்று எதுவுமில்லை. வெறும் தாமரை இலைமேல் நான்கு முட்டைகள். கீழே சிவப்பு நூலில், ‘சேவல் அடைகாக்கிறது’ என்று எழுத்தும் பின்னியிருந்தேன்.

பள்ளியைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் அந்தத் துணிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு புத்தகத்தை வாங்கி எழுதினார்: ‘கைத்திறன் நன்று. ஆயினும் ஒரு பறவை இயற்கைக்கு மாறாகக் காட்டப்பட்டுள்ளது. ஆசிரியை கற்பனையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.’ எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “நான் பாத்ததத்தான் பின்னினேன் ஸார்” என்றேன். அவர் கோபிக்கவில்லை. “காட்டுங்கள். என் கண்ணால் பார்த்தால் என் கையாலேயே இதை அடித்துவிடுகிறேன்” என்றார். தாமரைக்கோழி முட்டையிடும் காலம் மறுபடி வந்ததும் தலைமையாசிரியை அவருக்குக் கடிதம் எழுதினார். சனிக்கிழமை காலை தேரூர்க் குளத்தங்கரைக்கு வருவதாகப் பதில் வந்தது. நான் ஒருத்தி போனால் போதும். ஆனால் பள்ளியின் மானம் என்று சொல்லி எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

கருங்கலிலிருந்து வடசேரிக்குப் பதினாறு மைல். ஆளுக்கு ஆறு சக்கரம் காசு. மோட்டார் வண்டி ஓடத் தொடங்கிச் சில வருடங்களே ஆன சாலை என்பது நம் இடுப்பெலும்புக்கு நன்றாகத் தெரியும். திக்கணங்கோட்டில் ஏற்றத்துக்காக இறங்கி நடந்தோம். திரும்ப ஏறும்போது டிரைவர் கேட்டார்: “டீச்சர்மாரெல்லாம் கூட்டமா எங்க போறிய? கல்யாணமா?”

“பறவ பாக்கப் போறோம்” என்றார் உபதேசியார்.

“பறவையா! நம்ம ஊருல இல்லாத காக்காயா வடசேரில இருக்கு?”

“வால் நீளமான காக்கா” என்றேன் நான். அவர் ஹாரனை ஓங்கி அடித்துவிட்டு வண்டியைத் தக்கலைப் பக்கம் விட்டார்.

வில்லுக்குறி தாண்டியதும் எங்கள் செம்மண் மேடுகள் முடிந்து பச்சை வயல்கள் விரியத் தொடங்கின. நாஞ்சில் நாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமை வரும். இங்கே தண்ணீர் சமமாகக் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் அது ஓடிப்போய்விடுகிறது. ஐந்தரைக்கு வடசேரி. தலைமையாசிரியையின் தங்கை வீட்டில் தங்கல். சாளை மீன் குழம்பும் சம்பா அரிசிச் சோறும் போட்டார்கள். எங்கள் இழுப்புப் பேச்சைக் கேட்டு அந்த வீட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. நான் குடிக்க வெள்ளம் கேட்டபோது ஒன்று சிரிப்பு தாங்காமல் வெளியே ஓடிவிட்டது.

சனிக்கிழமை, காலை ஐந்தரை. இரண்டு மாட்டு வண்டிகளில் புறப்பட்டோம். போகவர வண்டிக்குப் பத்துச் சக்கரம், நாலரை மைல். இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிழக்கே மருந்துவாழ்மலைக்கு மேல் வெளுத்தது. ஆறே முக்காலுக்குக் குளத்தின் கரையில் இறங்கினோம்.

தேரூர்க் குளத்தைப் பார்க்காதவர்களுக்கு எப்படிச் சொல்வது? குளம் என்றால் நான்கு கரையும் படித்துறையும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல, வயல் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சதுப்பு. ஓரமெல்லாம் கோரையும் சம்பும் ஆளுயரம். நடுவில் தாமரை, தாமரை, மேலும் தாமரை. இலைகளின்மேல் மழைத்துளி உருண்டுகொண்டிருந்தது. தெற்கே சுசீந்திரம் கோபுரம். சிறகி வாத்துகள் நூற்றுக்கணக்கில் தண்ணீர்மேல் அடைந்திருந்தன. கோரைக்குள்ளிருந்து நீலக்கோழிகள் சிவப்பு நெற்றியை நீட்டி நீட்டிப் பார்த்தன. எங்கோ நடுவில் பூனைக்குட்டி கத்துவது போல ஒரு குரல். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அதுதான் தாமரைக்கோழி.

இன்ஸ்பெக்டர் எங்களுக்கு முன்பே வந்து, கழுத்தில் தூரக்கண்ணாடியுடன் கரையில் உலாவிக்கொண்டிருந்தார். “பதினொரு மணி பஸ்ஸில் நான் திருவனந்தபுரம் போக வேண்டும் அம்மா. ஒன்பதரைக்கு இங்கிருந்து கிளம்பிவிடுவேன்” என்றார். இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

எங்களுக்கு வழிகாட்டியாக ஏற்பாடு செய்திருந்தவள் இசக்கியம்மை. குளத்தில் தாமரை இலை அறுத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கல்யாண வீடுகளுக்கும் கொடுப்பவள், நாற்பது வயதிருக்கும். கல்யாணத்துக்கு வந்தபோது எனக்கு அந்தப் பறவையைக் காட்டியவளும் அவள்தான். வாழை மரங்களைச் சேர்த்துக் கட்டிய தன் தெப்பத்தின்மேல் கம்பை ஊன்றி நின்றவள், என்னைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள்.

“டீச்சரம்மா, ஒரு காரியம் கெட்டுப்போச்சு. ரெண்டு எடத்துல முட்ட பாத்து வச்சிருந்தேன். ராத்திரி மழைக்கு கொளம் ரெண்டு சாண் ஏறிட்டு. காலத்த போய் பாக்கேன், ரெண்டு எலையும் முங்கிக் கெடக்கு. முட்டையும் இல்ல, கோழியும் இல்ல.”

“முட்டைய வெள்ளம் அடிச்சுக்கிட்டு போயிட்டுதா?”

“அடிச்சுக்கிட்டும் போயிருக்கலாம். அதுவே எடம் மாத்தியும் வச்சிருக்கலாம். முட்டைய தாடைக்கு அடியில அணைச்சுக்கிட்டு பின்னால நடந்து நடந்து வேற எலைக்கு கொண்டுபோயிரும், கேட்டியளா. எங்க கொண்டுபோச்சுன்னுதான் தெரியல.”

இன்ஸ்பெக்டர் மெல்லச் சிரித்தார். “முட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறதா?” அவர் மனத்தில் என் கற்பனைக்குப் பக்கத்தில் இன்னொரு கற்பனையும் சேர்ந்துகொண்டது தெரிந்தது.

அடுத்து நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் சபைக்காரர்கள் எந்தக் காரியத்தையும் ஜெபமும் பாட்டும் இல்லாமல் தொடங்குவதில்லை. கிணறு வெட்டினாலும் பாட்டு, பசுமாடு வாங்கினாலும் பாட்டு. உபதேசியார் குடையை மடக்கிக் கரையில் ஊன்றி, கண்ணை மூடி, ஒரு கீர்த்தனையை எடுத்துவிட்டார். அவர் குரல் கோயிலில் பாடினால் சந்தையில் கேட்கும். பதினொரு பேரும் சேர்ந்துகொண்டோம். எங்கள் பள்ளி நான்கு குரல் பிரித்துப் பாடுவதில் பெயர் பெற்றது. ஒரு இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டு நிற்கும்போது சும்மா பாடுவோமா? இரண்டாம் குரலில் மிகவும் உரக்கப் பாடியவள் நானே. இன்ஸ்பெக்டர் வேறு மதத்தவராயினும் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

பல்லவி இரண்டாம் முறை வருவதற்குள் குளமே எழுந்துவிட்டது. சிறகிகள் ஒரே சீழ்க்கையாகக் கிளம்பி வட்டமடித்தன. நீர்க்காகங்கள் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடின. கொக்குகள் வெள்ளை வெள்ளையாக வயல் பக்கம் போயின. தாமரைக்கோழிகளும் வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு வடக்குக் கரைக்குப் பறப்பதைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். என் வாய் பாடிக்கொண்டே இருந்தது, நிறுத்தத் தெரியவில்லை. உபதேசியார் கண்ணைத் திறக்காமல் நான்கு சரணங்களையும் முடித்து ‘ஆமென்’ சொன்னபோது, குளத்தில் தாமரையும் தண்ணீரும்தான் இருந்தன.

“என்ன பெகளம்!” என்று தலையில் கைவைத்தாள் இசக்கியம்மை. “கோழி பாக்க வந்தியளா, வெரட்ட வந்தியளா?”

இன்ஸ்பெக்டர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். “நன்றாகப் பாடினீர்கள்” என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது அடி விழுந்தது போலிருந்தது. தலைமையாசிரியை மெழுகுதுணி மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உபதேசியார் பாவம், என் முகத்தைப் பார்க்காமல் குடையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். மணி ஏழே கால். ஏழு மாத உழைப்பையும் ஒரு வருட ரோஷத்தையும் ஒரே பாட்டில் பறக்கவிட்டுவிட்டோம் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

எட்டு மணி. கரையோரமாக அரை மைல் நடந்தோம். திரும்பி வந்து பார்த்தபோது இசக்கியம்மை தெப்பத்திலேயே நின்று, கையைப் புருவத்துக்குமேல் வைத்துக் குளத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சரம்மா, இங்க வாங்க. உங்க பாட்டு நல்ல பாட்டுதான்” என்றாள்.

கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். அவள் தெற்கே கை நீட்டினாள். “எல்லாம் பறந்துட்டு இல்லா? பறக்காம ஒண்ணு இருக்கு பாருங்க. அந்தப் பெகளத்துக்கும் எந்திரிக்காம இருக்கணும்னா அதுக்கு அடியில என்ன இருக்கும்?”

இன்ஸ்பெக்டரிடம் தூரக்கண்ணாடியைக் கேட்டுப் பிடுங்காத குறையாக வாங்கினேன். முந்நூறு அடிக்கு அப்பால், விரிந்த ஒரு இலையின்மேல், கறுப்பாக ஒரு பொட்டு. அதன் பிடரியில் மஞ்சள் பட்டு போல ஒரு பளபளப்பு. பின்னால் வளைந்த வால். கண்ணாடியை அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்காமலே, “அந்தத் தெப்பம் எத்தனை பேரைத் தாங்கும்?” என்று கேட்டார்.

“என்னோட சேத்து மூணு பேரு ஏமானே. கால் நனையும்.”

எட்டே கால். சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டர் தெப்பத்தில் ஏறி அமர்ந்தார். நான் அவருக்குப் பின்னால். தெப்பம் ஒரு சாண் தாழ்ந்து எங்களைக் குளத்து நீரில் உட்கார வைத்தது. அரசாங்க உத்தியோகஸ்தர் ஒருவர் இடுப்பு வரை நனைந்து வாயைத் திறக்காமல் போனதை அன்றுதான் பார்த்தேன். இசக்கியம்மை கம்பை ஓசையில்லாமல் ஊன்றி, இலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கொண்டுபோனாள்.

இருபதடி தூரத்தில் நிறுத்திவிட்டாள். பறவை எங்களைப் பார்த்தது. மெதுவாக எழுந்து, பக்கத்து இலைக்கு நடந்து, ஒரு சிறகை ஒடிந்தது போலத் தொங்கவிட்டு நொண்டியது. எங்களைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அது எழுந்த இடத்தில், வெறும் இலைமேல், நான்கு முட்டைகள். காய்ச்சிய கருப்பட்டிப் பாகின் நிறம். மழைவிட்ட வெளிச்சத்தில் மின்னின.

“கூடில்லை” என்றார் இன்ஸ்பெக்டர், தனக்குத்தானே. “வெறும் இலை.” பிறகு கேட்டார்: “இது சேவல் என்று எப்படிச் சொல்கிறாய் அம்மா? இரண்டுக்கும் வால் இருக்கிறதே.”

“அங்க நிக்குல்லா, பெரிசா ஒண்ணு? அதுதான் பெட்ட. நாலு நாளு காலத்த வந்து நாளைக்கு ஒரு முட்ட போட்டுது, நான் எல அறுத்துக்கிட்டே பாத்தேன். நான் பாத்து வச்ச ரெண்டுல ஒண்ணுதான் இது, ராத்திரி முட்டையோட இங்க எடம் மாத்தியிருக்கு. அதுக்குப் பொறவு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது. அடுத்த மாப்பிளைய தேடிப் போயிரும். இந்தச் சின்னது கெடந்து வேவுது. பதினாறு வருசமா இதே கததான் ஏமானே.”

சற்றுத் தள்ளி பெரிய பறவை ஒன்று வேறொரு சிறியதைத் துரத்திக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் அதையும் பார்த்தார். நான் முட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் நெஞ்சு நிறைந்திருந்தது; கத்த வேண்டும் போலிருந்தது. அப்போதுதான் அதைக் கவனித்தேன். முட்டைகள் பம்பரம் போல ஒரு பக்கம் கூர்ந்தவை. நான்கின் கூர்முனைகளும் உள்நோக்கி, நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. என் துணியில் நான்கும் வெளிநோக்கி இருந்தன. அப்படி வைத்தால் பூவிதழ் போல அழகாயிருக்கும் என்று பின்னியிருந்தேன்.

“போதும், போவோம். வெயில் வந்தா முட்ட காஞ்சுபோகும்” என்று இசக்கியம்மை தெப்பத்தைத் திருப்பினாள். “திங்கக்கெழம இந்தப் பக்கம்தான் அறுக்க நெனச்சிருந்தேன். இனி குஞ்சு எறங்கது வரை இதச் சுத்தி ஒரு கம்பு தூரத்துக்கு யாரும் கத்தி வைக்க மாட்டோம். எல அறுக்கவங்களுக்குள்ள அப்பிடி ஒரு பேச்சு.” நாங்கள் முப்பதடி போவதற்குள் சேவல் திரும்பிவந்து, முட்டைகளைத் தாடையால் ஒருமுறை அணைத்துச் சரிசெய்து, அமர்ந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் இதைக் கடைசி வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பது மணி. கரையில் மற்றப் பத்துப் பேரும் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்ஸ்பெக்டர் ஈரத்தைப் பிழிந்துவிட்டு, “புத்தகத்தைக் கொடுங்கள்” என்றார். தலைமையாசிரியை மெழுகுதுணியைப் பிரித்து நீட்டினார். தூறல் விழத் தொடங்கியது; நான்கு குடைகள் புத்தகத்துக்குமேல் கூடின. பழைய வரிகளை அடிக்க அவர் பேனாவை எடுத்தார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த முனைகளை அவர் கவனிக்கவில்லை. ஆனால் ‘பார்த்ததைத்தான் பின்னினேன்’ என்று ஒரு வருடம் சொல்லித் திரிந்தவள் நான்.

“ஸார், அடிக்க வேண்டாம்” என்றேன். “முட்டை நாலும் தப்பா பின்னியிருக்கேன். முனை உள்ளால இருக்கணும். நான் அழகுக்காக வெளிய வச்சுட்டேன். நீங்க கற்பனைன்னு எழுதினதுல அந்த மட்டுக்கு நியாயம் உண்டு.”

“ஏட்டி எஸ்தரே!” என்று தலைமையாசிரியை என் முழங்கையைக் கிள்ளினார்.

இன்ஸ்பெக்டர் பழைய வரிகளைத் தொடாமல், அவற்றுக்குக் கீழே எழுதி, உரக்கப் படித்தார்: ‘மேற்கண்ட பறவையைத் தேரூர்க் குளத்தில் நேரில் கண்டேன். வால் சரி, இலை சரி. அடைகாப்பது சேவல் என்பதற்குப் பதினாறு வருடமாகப் பார்த்துவரும் இசக்கியம்மை சாட்சி. மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. முட்டைகளின் முனை மட்டும் பிழை. அதைக் கண்டவர் நானல்ல, ஆசிரியையே. இவரிடம் படிக்கும் பிள்ளைகள் பார்க்கக் கற்றுக்கொள்வார்கள்.’

“எனக்க பேரா? புக்குலயா?” என்றாள் இசக்கியம்மை. எழுதிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டச் சொன்னாள். காட்டினோம். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தொடாமல், குனிந்து பார்த்தாள்.

ஒன்பதரைக்கு இன்ஸ்பெக்டரின் வண்டி புறப்பட்டது. முடிவு ஜெபம் பாக்கி. எல்லோரும் உபதேசியாரைப் பார்த்தோம். அவர் குளத்தைப் பார்த்தார். பிறகு, சந்தை வரை கேட்கும் அந்தக் குரலை அடக்கி, காதோடு சொல்வது போலக் கீர்த்தனையைத் தொடங்கினார். பதினொரு பேரும் நான்கு குரலில் முணுமுணுத்தோம். சிறகிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பள்ளி அதைவிட நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை.

பகல் இரண்டு மணி பஸ்ஸில் ஏறி நான்கு மணிக்குக் கருங்கல். அதே டிரைவர். “காக்காக்கு வால் இருந்துதா டீச்சரே?” என்று கேட்டார். “இருந்துது, முட்டையும் இருந்துது” என்றேன். எங்கள் ஊரில் தேரூர் போல ஒரு குளம் இல்லை. இறங்கியதும் ஏற்றமும் இறக்கமும் செம்மண்ணும்தான். முதல்நாள் வில்லுக்குறியில் பட்ட பொறாமை அன்று என்னிடம் இல்லை. நாஞ்சில் நாட்டாரின் குளத்திலுள்ள பறவையை அவர்களுக்கு முன்னால் துணியில் ஏற்றிவைத்தது கருங்கல்காரி அல்லவா?

திங்கட்கிழமை காலை, வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரையும் சுற்றி உட்காரவைத்து, துணியை மடியில் விரித்து, ஊசி முனையால் நான்கு முட்டைகளையும் பிரித்தேன். ஏன் பிரிக்கிறீர்கள், நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டார்கள். பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். பிறகு அதே கருப்பட்டி நிற நூலைக் கோத்து, முனைகளை உள்ளே திருப்பிப் பின்னத் தொடங்கினேன்.